எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்கள்

ஊருக்குப் போகிறேன் என்று நியூஜெர்சியில் யாரிடம் சொன்னாலும் "எப்ப திரும்பி வர்றீங்க?" என்று கேட்பார்கள். காஞ்சிபுரம், அதிலும் பிள்ளையார்பாளையம் என்று சொல்லிவிட்டால் கேள்வி மாறிவிடும். "இன்னும் அங்க கைத்தறி ஓடுதா?" ஓடுகிறது என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டுப் பக்கம் இருக்கும் தோழி இந்த முறை பணத்தையே முன்கூட்டி அனுப்பிவிட்டாள். "அசல் கோர்வைப் புடவை ஒண்ணு வேணும்டி. கடையில வாங்காதே. நெய்யிறவங்க கிட்டயே வாங்கிட்டு வா."

2025 பொங்கலுக்குப் போனேன். அதற்கு முன் போனது 2018இல். நடுவில் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்து 48 நாள் ஊரையே திணறடித்துவிட்டுத் திரும்பவும் குளத்துக்குள் போய்விட்டார். செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. கொரோனா வந்து போனது. 2021இல் எங்கள் நகராட்சி மாநகராட்சி ஆனது. இதையெல்லாம் ஃபோனில் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தேன். ஆனால் சாலை என்ன ஆகியிருக்கிறது என்பதை ஃபோனில் பார்க்க முடியாது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வழி நெடுக கம்பெனி பஸ்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்பிள்ளைகள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற ஒரே விடுதியை 2024இல் திறந்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பரந்தூரில் விமான நிலையம் வரப் போகிறது. அதற்கு நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் 2022இலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடியது சத்தத்தைத்தான். எங்கள் தெருவில் தறிச் சத்தம் என்பது தனியாகக் காதில் விழுகிற ஒன்றாக இருந்ததே இல்லை. அது நின்றால்தான் தெரியும். யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது பத்து வீடு தள்ளி ஒரு தறி, அப்புறம் திருப்பத்தில் ஒன்று. விடியற்காலையில் தெரு நெடுகப் பாவு விரித்து இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்த இடத்தில் வரிசையாக பைக்குகள். ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் இரண்டு மாடி, மூன்று மாடி. மொட்டை மாடிக் கொடியில் காய்கிற யூனிஃபார்ம்களில் நாலைந்து கம்பெனிகளின் பெயர்களைப் படிக்கலாம்.

எங்கள் வீடு மட்டும் அப்படியே இருந்தது. முன் அறையில் தறியும் இருந்தது. அப்பா 2016இல் போனார். அண்ணன் 2021 வரை நெய்தான். அதற்குப் பிறகு தறியின் மேல் ஒரு பழைய போர்வை.

வந்த மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் விஷயத்துக்கு வந்தான்.

"பாப்பா, தறியை எடுத்துடலாம்னு இருக்கேன். குழியை மூடி, டைல்ஸ் போட்டு, மேல ஒரு மாடி எடுக்கலாம். பேங்க்ல லோன் தரேன்றாங்க. வீடு இன்னும் அப்பா பேர்லயே இருக்கு. நீயும் கையெழுத்து போடணும்."

"அம்மா என்ன சொன்னாங்கணா?"

"அவங்கதான் மொதல்ல சொன்னதே."

*

கையெழுத்துக்கு வருவதற்கு முன்னால் கோர்வை என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். புடவை கட்டுகிறவர்களில் நிறைய பேருக்கு அது தெரியாது.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் கலக்காமல் வெட்டினாற்போல் நிற்கும். அதற்குக் காரணம், உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்குத் தனித்தனி நாடா. உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் இப்படி. தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிற நெசவாளி உடலையும் ஒரு பக்கக் கரையையும் பார்த்துக்கொள்வார். மறுபக்கக் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். கோர்வை என்பது இரண்டு ஆள் வேலை. ஒரு புடவைக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம். அத்தனை நாளும் இரண்டு பேர்.

அந்த இரண்டாவது ஆள் யார் என்பதுதான் கேள்வி. ஒரு புடவைக்குக் கிடைக்கிற கூலி, பெரிய ஆள் இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் தாங்காது. அதனால் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தில் குழந்தைகள் உட்கார்ந்தார்கள். சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. அப்பா அம்மாவுக்கு முன்பணம் கொடுத்து, அந்தக் கடன் தீரும்வரை பிள்ளை தறியில் இருக்கும். ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முன்பணம் வாங்கிய பிள்ளை யாரும் இல்லை. நான் இருந்தேன். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. காலையில் ஸ்கூலுக்கு முன்னால், சாயங்காலம் வந்த பிறகு, லீவு நாளில் முழுக்க. நான் உட்கார்ந்தது சட்டப்படி குற்றமும் இல்லை. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான தொழில்களைத் தடை செய்தபோது, குடும்பத்தோடு சேர்ந்து செய்கிற வேலைக்கு விலக்குக் கொடுத்திருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. நான் தூங்கி விழுந்தால் பாட்டுப் பாடுவார். கை வலிக்கிறது என்றால் விரலைப் பிடித்து நீவி விடுவார். ஆனால் எழுந்து போகச் சொன்னதில்லை. நான் எழுந்தால் தறி நின்றுவிடும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சாண்ட்ரோ வெளியே வந்தது. அதே வருஷம் நான் ஏழாவது முடித்தேன். எங்கள் டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "இவளை விட்டுடுங்க, நல்லா படிக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை என் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சமையல், தண்ணீர் பிடிப்பது, தார் சுற்றுவது எல்லாம் முடித்துவிட்டு அதையும் செய்தாள். 2002இல் அண்ணிக்குக் கல்யாணம் ஆகி வந்த பிறகு அந்த இடம் அண்ணிக்குப் போனது. 2003இல் மகள் பிறந்தபோதே அண்ணி சொல்லிவிட்டாளாம்: "இவ இங்க உட்கார மாட்டா."

எங்கள் வீட்டின் வரலாறு இவ்வளவுதான். தறிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர்களை வரிசையாகச் சொன்னால் போதும்.

*

காஞ்சிபுரம் அழிகிறது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விசைத்தறியைச் சொல்வார்கள். அது உண்மைதான். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் போட்டும், விசைத்தறிப் புடவை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கிறது. 2005வாக்கில் கிடைத்த புவிசார் குறியீடும் அதைத் தடுக்கவில்லை. ஜரிகை விலையும் ஒரு காரணம். நான் ஊரில் இருந்தபோதே ஜனவரியில் தங்கம் பவுன் 60,000 ரூபாயைத் தாண்டியது. வெள்ளியும் தங்கமும் ஏறினால் புடவை விலை ஏறும், ஆனால் கூலி அதே வேகத்தில் ஏறாது.

இதற்கெல்லாம் முன்பே ஒன்று நடந்துவிட்டது. எதிர்ப்பக்கம் காலியாகிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பெரியவர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் பஸ் ஏறினார்கள். கோர்வை குறைந்ததைப் பற்றி வருத்தப்படுகிற ஒவ்வொரு கட்டுரையிலும் நான் அந்தக் காலி இடத்தைத் தேடுவேன். அநேகமாக இருக்காது.

நியூஜெர்சியில் நான் இருக்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பேட்டர்சன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அருவியின் வேகத்தை நம்பி 1790களில் உருவாக்கிய தொழில் நகரம். பிறகு அமெரிக்காவின் பட்டு நகரம் என்றே பெயர் வாங்கியது. 1913இல் அங்கே பட்டாலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான சண்டை, ஒரு நெசவாளி இரண்டு தறிக்குப் பதிலாக நாலு தறியைப் பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் சொன்னதற்கு. ஒரு தறிக்கு இரண்டு ஆள் என்ற ஊரிலிருந்து போன எனக்கு இதைப் புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. வேலைநிறுத்தம் தோற்றது. பிற்பாடு தொழிலும் ஊரைவிட்டுப் போனது. இப்போது அங்குள்ள மியூசியத்தில் தறிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துடைத்து, விளக்குப் போட்டு, பெயர்ப்பலகை வைத்து. அழகாகவே இருக்கிறது. பார்த்துவிட்டு எல்லோரும் காபி குடிக்கப் போகிறோம்.

எங்கள் முன் அறையை அப்படி ஒரு மியூசியமாக வைத்துக்கொள்ள எனக்கு வசதி இருக்கிறது. "நான் மாசாமாசம் பணம் அனுப்புறேன், தறி இருக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் தலையாட்டிவிடுவான். தங்கை வெளிநாட்டிலிருந்து சொன்னால் அப்படித்தான்.

அண்ணன் மகளிடம் பேசிப் பார்த்தேன். டிப்ளமோ முடித்துவிட்டு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் தறிக்கும் சுவருக்கும் நடுவில் பாய் போட்டுத் தூங்குகிறாள்.

"அத்தை, உங்களுக்கு வேணும்னா நல்லா நாலு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. எனக்குக் கதவு சாத்தித் தூங்க ஒரு ரூம் வேணும்."

"வேலை பிடிச்சிருக்கா?"

"பிடிக்கிறது என்ன அத்தை. கான்ட்ராக்ட்தான். ஆனா என் சம்பளம் என் அக்கவுண்ட்ல வருது."

அவள் சொன்ன இரண்டு வாக்கியமும் உண்மை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடிவிட்டது. அங்கே வேலை பார்த்த எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் ஒரே வருஷத்தில் வீட்டுக்குத் திரும்பினார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தார்கள். நகரம் வளர்கிறது என்றால் எல்லோரும் சேர்ந்து வளர்கிறார்கள் என்று இல்லை. ஆனால் நான் நாலு வருஷம் நாடா போட்டதற்கு என் கையில் ஒரு ரூபாய் வந்ததில்லை. அம்மாவுக்கும் அண்ணிக்கும்கூட இல்லை. கூலி எப்போதும் தறியில் உட்கார்ந்த ஆணின் பெயரில்தான் கணக்கில் ஏறியது. எங்கள் வீட்டில் தன் பெயரில் சம்பளம் வாங்குகிற இரண்டாவது பெண் அவள். முதல் பெண் நான், அதுவும் ஊரைவிட்டுப் போன பிறகு.

*

தோழிக்குப் புடவை எங்கள் பின் தெருவில் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டிய புருஷன் பொண்டாட்டி, இரண்டு பேரும் ஒரே தறியில். இன்றைக்குக் கோர்வை நெய்கிற வீடுகளில் இப்படிப்பட்ட ஜோடிகளைத்தான் பார்த்தேன். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. விலையைக் கேட்டதும் தோழி வாட்ஸ்அப்பில், "இவ்ளோவா? இங்கயே இதைவிடக் குறைச்சலா கிடைக்குதே" என்றாள். "இது ரெண்டு பெரியவங்களோட கூலிடி. பேரம் பேச மாட்டேன்" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வாங்கு" என்று வந்தது. கோர்வை இனிமேலும் இருக்க வேண்டுமென்றால் அந்த இரண்டாவது கூலி புடவையின் விலையில் தெரிந்தாக வேண்டும். அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தறிக்கட்டைகளைப் பின் தெரு ஜோடிக்கே கொடுத்துவிடலாம் என்று அண்ணன் சொன்னான். அச்சும் நாடாக்களும் அவர்களுக்கு உதவும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மேஸ்திரி வந்து டேப் வைத்து அளந்தார். குழிக்கு எவ்வளவு மண், எவ்வளவு ஜல்லி என்று கணக்குச் சொன்னார். அம்மா வாசல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "அந்த மூலையில ஒரு பாத்ரூம் வரணும்பா, வெஸ்டர்ன் டாய்லெட்டு. கீழ உட்கார்ந்தா என்னால எழுந்திருக்க முடியல" என்றாள். எந்த மூலை என்று அவர் கேட்டார். அம்மா கையை நீட்டிக் காட்டினாள். தறிக்கு எதிர்ப்பக்கம்.

"படி வைக்காம சமமாப் போடு," என்றாள். "மேல கைப்பிடிக் கம்பி ஒண்ணு."

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் குறித்துக்கொண்டார்.