மலைக் குளிரில் ஒரு டிக் டிக்

(மூன்றாமாண்டு இளங்கலை இயற்பியல்)

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் என் தாய்மாமன் ஆசிரியராக இருக்கிறார். அவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்த கிழவி. அதை நான் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் வகுப்பு நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு 1959இல் வெளிவந்தது. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் தந்தார். அதே சட்டத்தைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினைச் சற்றே பெரிதாக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சென்னையில் 1961 முதல் தயாரான நம் ஹெரால்டு, 948 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினோடு, அந்தப் பந்தயக்காரனுக்கு உடன்பிறந்தவள்தானே! 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துவிடும். கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் கொண்டை ஊசி வளைவுகளில் அதன் அருமை தெரியும்.

மாமாவுக்கு அது வெறும் ஆசைப் பொருள் அன்று. நள்ளிரவில் காய்ச்சல் என்றாலும் பிரசவ வலி என்றாலும் அக்கம்பக்கத்தார் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான்.

சென்ற மார்கழியில் வண்டிக்கு ஒரு நோய் கண்டது. விடியலில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் 'டிக் டிக் டிக்' என்று சத்தம். மூன்று நான்கு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். அடிவாரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே சத்தமே இல்லை. எப்படி இருக்கும்? மலையிறங்கி வருவதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடேறிவிடுகிறதே! கேட்காத சத்தத்துக்கு அவர்கள் மருந்து சொன்னார்கள்: "பேரிங் போயிருக்கும் சார், எஞ்சினை இறக்கணும்." மாமாவின் இரண்டு மாதச் சம்பளம் ஆகும். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் எடைக்கு விலை பேசவும் வந்துவிட்டார். மாமா பணத்துக்காக அஞ்சவில்லை. பேரிங் மெய்யாகவே போயிருந்தால், நோயாளியை வைத்துக்கொண்டு நடுவழியில் எஞ்சின் இறுகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை.

கள்ளக்குறிச்சியில் ஹெரால்டுகளைப் பழகிய முதிய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். "சூடான வண்டியை எங்கிட்டக் கொண்டாந்து பயனில்ல, தம்பி. நான்தான் மேல வரணும்" என்றார். வந்து, இரவு மாமா வீட்டில் தங்கினார். வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு வேறு!

விடியலில் பானெட்டைத் திறந்தோம். ஹெரால்டில் மட்கார்டுகளோடு சேர்ந்து முகம் முழுவதும் முன்னால் கவிழும்; முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேரிங் இல்ல, வாத்தியாரே. அது தொம் தொம்முன்னு அடிவயித்துல இருந்து வரும். சூடானா ஆயில் இளகி இன்னும் கூடும். இது குறையுதே!"

அப்படியானால் டாப்பெட்டா? எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டரில் 500 முறைதான் வெடிப்பு. அதன் ஒவ்வொரு வால்வும் 500 முறைதான் திறக்கும். ஆகவே டாப்பெட் சத்தமும் சிலிண்டரில் பிறக்கும் சத்தமும் ஒரே தாளத்தில் வரும்; காது ஏமாறும். பெரியவர் உலர்ந்த துணியைச் சுற்றிய குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். (ஈரக் கையோடு இதைச் செய்ய எவரும் ஆசைப்பட வேண்டாம்!) மூன்றாவது வயரைக் கழற்றியதும் சத்தம் தேய்ந்தது. டாப்பெட்டாக இருந்தால் வெடிப்பு நின்றாலும் தட்டிக்கொண்டுதான் இருக்கும். மிஞ்சியவை இரண்டு: குளிரில் சிறுத்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவது, அல்லது எங்கோ புகை கசிவது.

வண்டியை அணைத்து மீண்டும் ஆறவிட்டோம். அந்த இடைவேளையில் மாமா நான்கு முறை டீ போட்டார். ஒன்றிலும் சர்க்கரை சரியாக இல்லை. பிறகு பெரியவர் சோப்பு நீரைக் குழைத்து, புகைபோக்கிக் குழாய்கள் எஞ்சினோடு சேரும் மேனிஃபோல்டு விளிம்பில் தடவி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மூன்றாம் சிலிண்டரின் அருகே குமிழிகள் பொங்கித் தெறித்தன. துடைத்துப் பார்த்தால் அங்கே கரிக்கோடு, மை தீட்டியதுபோல.

கேஸ்கட் எரிந்திருந்தது. குளிரில் அந்த இடுக்கு வழியே ஒவ்வொரு வெடிப்பின் புகையும் பீறிட்டு டிக்கிட்டது; இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு அடைபட்டது. வெப்ப விரிவு பற்றி நான் எழுதிய விடைத்தாள்கள் எத்தனை! ஒன்றிலாவது இப்படிச் சத்தம் கேட்டதில்லை. சிறு கசிவு என்று அலட்சியப்படுத்தவும் முடியாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டு நோயாளியோடு போகும் வண்டிக்குள் அது புகலாமா?

ஹெரால்டு தயாரிப்பு நின்று பல்லாண்டு ஆகிவிட்டதால் கள்ளக்குறிச்சிக் கடைகளில் அந்த கேஸ்கட் இல்லை. வெப்பம் தாங்கும் ஷீட் ஒன்று வாங்கி, பழையதை மேலே வைத்துக் கோடிட்டு, சிறு சுத்தியலால் தட்டித் தட்டியே பெரியவர் புதிதை வெட்டினார். கோணியிருந்த விளிம்பை அரத்தால் சமன் செய்யவே அரைநாள் போயிற்று. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக முறுக்கினார். நாலு நாள் ஓடியபின் மறுபடி ஒரு சுற்று முறுக்கச் சொன்னார். கூலியாக அவர் கேட்ட தொகையை மாமா இரட்டிப்பாக்கிக் கொடுக்க, அவர் பாதியைத் திருப்பித் தந்துவிட்டு ஒரு பை மலைத்தேன் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எரிந்த பழைய கேஸ்கட்டை நான் குப்பையில் போடப்போனேன். மாமா பிடுங்கி, தினத்தாளில் சுற்றிப் பரணில் வைத்தார். அடுத்த முறை வெட்ட அளவு வேண்டுமாம்.