தறிக்கு எத்தனை மீட்டர்?

2017 மே மாதத்தில் ஒரு காலை, ஆரணியை அடுத்த நெசவு ஊர் ஒன்றிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்த கண்ணாடிச் சில்லுகளை என் மேசையில் வைத்தார். "விடியகாலையில தெருவுல பாவு நீட்டணும் சார். இப்போ அதுக்கு முன்னாடி இதைப் பொறுக்கறதே ஒரு வேலையாப் போச்சு" என்றார். நெடுஞ்சாலையோரம் இருந்த மதுக்கடை மூடப்பட்டு அவர்கள் தெருமுனைக்கு வந்திருந்தது. நெசவின் நீள இழைகளான பாவைத் தெருவில்தான் நீட்டியாக வேண்டும்; பட்டு நெசவாளருக்குத் தெருவும் தறியின் ஒரு பகுதிதான் என்பது ஆரணிக்காரர்களுக்குத் தெரியும். வேறொருவர் கொடுத்த பட்டையும் சரிகையையும் வைத்துக் கூலிக்கு நெய்கிற வீட்டில், ஒரு பாவு கெட்டால் அந்த வாரத்துச் சோறு கெட்டது.

அந்தக் கடையை அங்கே தள்ளியது ஒரு நல்ல தீர்ப்பு என்பதுதான் இதில் வருத்தமான செய்தி. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நிகழும் சாவுகளைத் தடுக்க வேண்டும் என்று வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது, சாலையிலிருந்து கண்ணில் படக் கூடாது, நேரடி வழியும் கூடாது என்றது. 20,000 பேருக்கு மேற்படாத உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அந்தத் தூரம் பின்னர் 220 மீட்டராகக் குறைந்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடைகளுக்கு மாற்று இடம் தேடினார்கள். சிற்றூரில் நெடுஞ்சாலையை விட்டு விலகினால் எதிர்ப்படுவது குடியிருப்புதான். திருப்பூர் அருகே சாமளாபுரம் முதல் எத்தனையோ ஊர்களில் அந்தக் கோடையில் பெண்கள் சாலைக்கு வந்தது இதனால்தான்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஊரின் குரலாகப் பேச வேண்டியது உள்ளாட்சி மன்றம். ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்களே மன்றங்களின் பொறுப்பில் இருந்தார்கள். அதே ஏப்ரலில், நகருக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலைகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றிக்கொள்ளத் தீர்மானம் போடும்படி நகர்ப்புற அமைப்புகளுக்குச் சுற்றறிக்கை போனது. சாலையின் வகை மாறினால் 500 மீட்டர் கணக்கும் மறைந்துவிடும். அப்படி மாற்றிய சாலைகளில் கடை திறக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாத மன்றத்தின் பெயரால் ஒரு தீர்மானம் நிறைவேறலாம் என்ற நிலையே என்னை மிகவும் உறுத்தியது. எங்கள் மாவட்டக் கிராமங்களுக்குத் தேர்தல் வர 2019 டிசம்பர் ஆனது. ஆரணி நகராட்சிக்கு 2022 பிப்ரவரி ஆனது.

அந்தப் பெண்களுக்காக நான் விதிப் புத்தகத்தைத் திறந்தேன். 2003ஆம் ஆண்டு மது சில்லறை விற்பனை விதிகளின்படி, வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளி இருந்தால் கடை வைக்கலாம். ஆகவே கோயில் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றுதான் அவர்களைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மூத்தவர் என்னை ஒரு கேள்வி கேட்டார்: "எங்க வீடு கணக்குல வராதா சார்?" வராது. அந்தத் தூர விதியில் வீடு என்ற சொல் இல்லை. தறிக்குழி உள்ள வீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

ஆட்சியருக்கு மனு கொடுத்தோம். அளந்து பார்த்தார்கள், அம்மன் கோயில் நூறு மீட்டருக்குச் சில அடி அப்பால் இருந்தது. மனு அத்துடன் முடிந்தது. 2017 ஜூலை 11 அன்று, நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற கடைகளுக்கு நெடுஞ்சாலைத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆரணி எல்லைக்குள் ஒரு நியாயம், எல்லைக் கல்லைத் தாண்டினால் அதே சாலைக்கு வேறு நியாயம் என்று ஆயிற்று. தெருமுனைக் கடையோ எந்த விதியையும் மீறாமல் அங்கேயே இருந்தது.

போதைப் பொருளை விற்க அனுமதித்த பிறகு ஊரைக் கேட்பதற்கு வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா விற்பனை சட்டபூர்வமானபோது, ஒன்டாரியோ மாகாணம் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இடையே 150 மீட்டர் தூரம் வகுத்தது. அதோடு நிற்காமல், எங்கள் ஊரில் கடையே வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நகராட்சிகளுக்குக் கொடுத்து, 2019 ஜனவரி 22 வரை கெடுவும் வைத்தது. தமிழர்கள் திரளாக வாழும் மார்க்கம் நகரம் உட்பட 77 உள்ளாட்சிகள் வேண்டாம் என்றன. வேண்டுமென்று சொன்ன ஊர்களே அதிகம். இரண்டு பதிலையும் ஊர்தான் சொன்னது; அந்த உரிமையைத்தான் நான் மதிக்கிறேன். நம் கிராம சபைத் தீர்மானத்துக்கும் சட்டத்தில் அந்த வலு இருந்திருந்தால், அந்தப் பெண்கள் கோயில் வாசலிலிருந்து நாடா பிடிக்க வேண்டியிருந்திருக்காது.

அந்த மனுவின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோயிலின் தூரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். பாவைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் கடைசிப் பக்கத்தில். விதிக்குப் புரியும் மொழியில் பேசினால்தான் வெல்லலாம் என்று நம்பி எழுதினேன். வெல்லவும் இல்லை, அவர்கள் சொல்ல வந்ததைக் கோப்பில் ஏற்றவும் இல்லை. தோற்கப்போகிற மனுவாகவே இருந்தாலும், அந்தச் சில்லுகளைத்தான் நான் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.