காட்டுக்கும் காயலுக்கும் நடுவே

பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கரையில், போர்தோ மாநகரிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையத்தக்க தொலைவில், ஆர்க்கஷோன் என்றோர் ஊர் உண்டு. வடக்கே காயல், தெற்கே பைன் மரக் காடு, மேற்கே, காயலின் குறுகிய முகத்துவாரத்திற்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடல். கோடைக்காலத்தில் ஓய்வை நாடி மக்கள் திரளாக வந்து கூடும் இடம் இது. லூர்து நகர்த் திருயாத்திரையை முடித்துக்கொண்டு, போர்தோவில் பணிபுரியும் நம் குருமடத் தோழர் ஒருவருடன் சில நாள் தங்கியிருந்தோம். அவரே நம்மை இங்கு அழைத்து வந்தார். "மலையடிவாரத்து மாதாவைப் பார்த்துவிட்டீர், மீனவர்களின் மாதாவையும் பார்த்துவிட்டுப் போம்" என்றார்.

நாம் போய் இறங்கியது செப்டம்பர் மாதம். விடுமுறைக் கூட்டம் கலைந்திருந்தது. காலையில் நிறைநீராய்த் தளும்பிய காயலில், நண்பகலுக்குள் பெரும்பகுதி சேறாகிவிட்டது. ஏற்றத்தின்போது 155 சதுர கிலோமீட்டர் பரந்திருக்கும் நீர், வற்றத்தின்போது ஏறக்குறைய 40 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. நாள்தோறும் இருமுறை இவ்வாறே. அந்தச் சேற்றில்தான் சிப்பி வளர்ப்போர் இறங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் காலை மாலை என்ற கணக்கில்லை. நீர் வற்றும் நேரமே வேலை நேரம். ஒரு சிப்பி விற்பனைக்கு வர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகுமாம். உணவு விடுதிகளில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து ஒரே விழுங்காய் விழுங்கிவிடுகிறார்கள்! நமக்கு அந்தப் பச்சைச் சிப்பி தொண்டையில் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மாதா ஆலயத்தின் வரலாறு மணலோடும் புயலோடும் பின்னிக் கிடக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோமா இல்லிரிக்குஸ் என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி இக்கரையில் தனித்து வாழ்ந்தார். ஒருநாள் கடுங்காற்றில் மரக்கலங்கள் தத்தளிக்கக் கண்டு, மணலில் சிலுவை வரைந்து மன்றாடினார் என்றும், பின்னர் கரையில் ஒதுங்கிய மாதா சுரூபம் ஒன்றைக் கண்டெடுத்து, மரத்தால் சிறு கோயில் கட்டினார் என்றும் மரபு கூறுகிறது. அக்காலத்தில் இங்கே ஊரே கிடையாது. வெறும் மணல்மேடும் மரங்களுமே இருந்தன. காற்றடிக்க அடிக்க மணல் நகர்ந்து, அக்கோயில் இருந்த இடத்தையே மூடிற்று. 1722ஆம் ஆண்டில் வேறிடத்தில் புதிய கோயில் எழுப்பினார்கள். அதுவே இன்று, 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பெரிய ஆலயத்தின் உட்புறத்தில், ஒரு சிற்றாலயமாக நிற்கிறது. கடலிலிருந்து பிழைத்து வந்தோர் காணிக்கையாக அளித்த கப்பல் உருவங்கள் அங்கே உள்ளன.

பிழைத்து வராதவர்களும் உண்டு. 1836ஆம் ஆண்டு மார்ச் மாதம், அருகிலுள்ள லா தெஸ்த் ஊரிலிருந்து பெருங்கடலுக்குச் சென்ற படகுகளுள் ஆறு திரும்பவில்லை. மாண்டவர் 78 பேர். "பெருந்துயரம்" என்றே அந்நிகழ்ச்சியை அவ்வூரார் இன்றளவும் குறிப்பிடுகின்றனர். துடுப்பையும் பாயையும் நம்பிய திறந்த படகுகள் அவை. முகத்துவாரத்து மணல்திட்டுகளைத் தாண்டிப் போய் வருவதே உயிர்ப்பந்தயம். தோழர் இதைச் சொல்லக் கேட்டு, நாட்காட்டியைக் கணக்கிட்டோம். அவ்வாண்டு பாஸ்குத் திருநாள் ஏப்ரல் 3. எனவே அந்த மார்ச் மாதம் முழுதும் தவக்காலம். இறைச்சி விலக்கிய வீடுகளுக்கெல்லாம் மீன் வேண்டிய காலம். நகரத்து மேசைகளில் ஒறுத்தல் உணவாக வந்த மீனுக்காகக் கடலில் வலை வீசியவர்கள் யார், அவர்களுள் எத்தனை பேர் வீடு திரும்பினர் என்று உண்டவர்கள் கேட்டிருப்பார்களோ? சிற்றாலயத்தில் செபமாலை சொல்லும்போது இந்த எண்ணமே நம்மை அலைக்கழித்தது. இரண்டாம் பத்து மணிகளை எண்ணத் தவறி, மறுபடி தொடங்கினோம்.

ஆர்க்கஷோன் தனி ஊராட்சியானது 1857ஆம் ஆண்டில்தான். இரயில் வந்ததும் அதே ஆண்டில். இரயிலை நடத்திய பெரேர் சகோதரர்கள் குளிர்காலத்திலும் வண்டிகளை நிரப்ப வழி தேடி, 1860களில் காட்டுக்குள் மாளிகைகளைக் கட்டினார்கள். பைன் மரக் காற்று நுரையீரல் நோய்க்கு நல்லதென்று மருத்துவர்கள் கருதிய காலம் அது. காசநோயாளர் வந்து தங்கினர். காற்று நேரே பாயாதிருக்கத் தெருக்களையே வளைத்து வளைத்து அமைத்தனர். "குளிர்கால நகர்" என்று இன்றும் அப்பகுதிக்குப் பெயர். நல்ல காற்றே மருந்து என்ற அதே நம்பிக்கையில்தான் 1928இல் நம் தாம்பரம் சானடோரியமும் எழுந்தது. இலாபக் கணக்கில் பிறந்த ஊர்தான். ஆயினும் எத்தனையோ நோயாளிகள் அந்த மரத்தாழ்வாரங்களில் அமர்ந்து மூச்சு வாங்கியிருப்பார்கள்.

மாலையில் பிலா மணற்குன்றில் ஏறினோம். ஐம்பதைக் கடந்த முழங்கால்களுக்கு அது எளிதன்று. உயரம் 100 மீட்டருக்கு மேல். நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஆண்டுதோறும் சில மீட்டர் உள்நாட்டை நோக்கி நகர்ந்து மரங்களை விழுங்கி வருகிறது. இத்தகைய மணலைத் தடுக்கவே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரேமோந்தியே என்னும் பொறியியலாளர் கரையோரம் பைன் நடும் வேலையை முன்னின்று நடத்தினார். அதற்கும் முந்தியது லா தெஸ்த் பழங்காடு. வீடு கட்டவும் படகு செய்யவும் அவ்வூர் மக்கள் அங்கே விலையின்றி மரம் எடுத்துக்கொள்ளும் உரிமை, இடைக்காலத்திலிருந்தே வழிவழியாக வந்தது.

அந்தக் காட்டில் 2022 ஜூலை 12ஆம் நாள் தீப்பற்றியது. 5,000 எக்டேருக்கும் மேல் எரிந்தது. குன்றின் அடியில் இருந்த ஐந்து கூடார விடுதிகள் அழிந்தன. விடுமுறைக்கு வந்த ஆயிரக்கணக்கானோரை இரவோடிரவாக வெளியேற்றினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. "அவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இங்குள்ளவர்கள் எங்கே போவார்கள்?" என்றார் தோழர். அந்நாட்களில் பல மைலுக்கு அப்பாலும் புகை நாற்றம் வீசிற்றாம்.

குன்றின் மறுபக்கம் இறங்கி, கருகிய நிலத்தின் ஓரமாகச் சற்று நடந்தோம். வெட்டிய அடிமரங்கள் கரியாய் நின்றன. சில அடிமரங்களின் மேல் மணல் ஏறத் தொடங்கியிருந்தது. அவற்றின் இடையே, எவரும் நடாமல் தானே விழுந்த விதையிலிருந்து முளைத்த பைன் கன்றுகள், சில முழங்கால் உயரம், சில விரல் அளவு. எண்ணத் தொடங்கினோம். நூறைத் தாண்டியபோது தோழர் கடைசி இரயிலுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டார்.