மீன் ஏற்றுக்கொண்ட தோஷம்

கொல்லைப்புறத் தொட்டியில் மீன் ஒன்று இறந்து மிதந்தால், வீட்டுப் பெரியவர்கள் உடனே ஒரு சமாதானம் சொல்வதுண்டு: "நமக்கு வரவிருந்த தோஷத்தை அது ஏற்றுக்கொண்டது." கேட்பவர் மனம் ஆறிவிடும். மறுநாளே கடையிலிருந்து புதிய மீன் வரும். பத்து நாளில் அதுவும் மிதக்கும். ஒரு குடும்பத்துக்கு இத்தனை தோஷங்களா என்று எவரும் கேட்பதில்லை. தொட்டி நீரை ஐயுறுவதுமில்லை.

மீன் உண்ணும் நீரிலேயே கழிவையும் விடுகிறது. அதன் செவுள் வழியாகவே அம்மோனியா வெளியேறுகிறது. இது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு; அடித்தரை தெரியுமளவு தெளிந்த நீரிலும் இருக்கும். இலேசான பச்சை படர்ந்த நீரில் மீன்கள் நலமாகத் திரிவதும் உண்டு. தெளிவு வேறு, நலம் வேறு. இந்த நஞ்சை முறிப்பவை இருவகை நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை, தீங்கு பெரிதும் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை தொட்டிச் சுவரிலும் கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழ்பவை. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

புதுமனை ஒன்றில் துளசி மாடத்துக்கு அருகே 8 அடி நீளம், 4 அடி அகலம், 2.5 அடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டினார்கள். 80 கன அடி. ஏறத்தாழ 2,265 லிட்டர். கிரகப்பிரவேசத்தன்றே நாற்பது மீன்களை விட்டார்கள். மூன்று வாரத்தில் பாதி இறந்தன. ஒவ்வொரு மீன் இறந்தபோதும் அவ்வீட்டார் செய்ததுதான் கொடுமை: நீர் முழுவதையும் இறைத்துவிட்டு, சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்த குழாய் நீரை அப்படியே நிரப்பினார்கள். தூய்மை என்று கருதிச் செய்த அந்தக் காரியம், குடியேறத் தொடங்கியிருந்த நுண்ணுயிர்களையும் சேர்த்து வெளியேற்றியது. போதாக்குறைக்கு, புதிய சிமெண்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு நீரைக் காரமாக்குகிறது; காரமும் வெப்பமும் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். புதிய தொட்டியை நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, நீரை வடித்து, மறுபடி நிரப்பி எனப் பலமுறை செய்த பின்னரே மீனை விட வேண்டும். முதலில் நான்கைந்து மீன்களே போதும்.

வடிகட்டியைப் பெருஞ்செலவில் வாங்க வேண்டியதில்லை. இரண்டு பிளாஸ்டிக் டிரம்கள், தொட்டிக்குள் வைக்கும் சிறு பம்பு, கொஞ்சம் குழாய் இருந்தால் போதும். முதல் டிரம்மில் நுரைப்பஞ்சு. கழிவுத் துகள்கள் அதில் தங்கும். இரண்டாவதில் கூழாங்கல்லோ செங்கல் துண்டுகளோ நிரப்பினால் அது நுண்ணுயிர்களின் குடியிருப்பாகும். மேற்சொன்ன தொட்டிக்கு மணிக்கு 1,200 லிட்டர் இறைக்கும் பம்பு இருப்பின், இரண்டு மணி நேரத்துக்குள் முழு நீரும் ஒருமுறை சுற்றிவரும். திரும்பும் நீர் சற்று உயரத்திலிருந்து விழட்டும். விழும்போது காற்றையும் சேர்த்துக்கொள்ளும். பம்பை இரவில் நிறுத்துவது சிக்கனமன்று. பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டி நீரிலேயே அலச வேண்டும், குழாயடியில் அன்று. மின்தடை பல மணி நேரம் நீடித்தால், டிரம்மில் தேங்கிக் கெட்ட நீரை வெளியே கொட்டிய பின்னரே பம்பை இயக்க வேண்டும்.

எஞ்சும் நைட்ரேட்டை உண்பவை செடிகள். டிரம்மிலிருந்து நீர் வழியும் பாதையில் ஒரு சிறு பாத்தி அமைத்து, கல்வாழையும் வசம்பும் நட்டால் செழித்து வளரும். தொட்டிக்குள் ஆம்பல் வைக்கலாம். அதன் இலை நீர்மேல் படிந்து நிழல் தரும், பச்சைப்பாசி மட்டுப்படும். தாமரை இலை நீரைவிட்டு எழுந்து நிற்கும். அதற்கு அகன்ற சேற்றுத் தொட்டியும் நாள் முழுதும் வெயிலும் வேண்டும். நீர்ப்பரப்பில் பாதிக்குமேல் மூட விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பலர் மறப்பது ஒன்றுண்டு: செடி உறிஞ்சியதெல்லாம் அதன் இலையில்தான் சேர்ந்திருக்கிறது. பழுத்த இலை நீரிலேயே அழுகினால், வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். வாரந்தோறும் வெட்டி எடுத்துப் பவழமல்லிக்கோ வாழைக்கோ எருவாக இட்டால்தான் கணக்கு நேராகும். வெங்காயத்தாமரை மற்ற எதையும்விட வேகமாக உறிஞ்சும், உண்மைதான். ஆனால் அதன் ஒரு துண்டு வாய்க்காலுக்குத் தப்பினால் ஏரியே மூடிப்போகும். அதை வீட்டுக்குள் வரவிடாதிருப்பதே மேல்.

செடி பகலில் பிராணவாயுவைத் தரும். இரவில் அதுவும் மீனோடு பங்குக்கு நிற்கும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும்; 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே கோடையில், விடியற்காலையில்தான் மீனுக்கு மூச்சுத் திணறும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கோலம் போட வரும் மூதாட்டி அதைப் பார்த்து, "பாவம், விடியுமுன்பே பசிக்கிறது குழந்தைகளுக்கு" என்று ஒரு பிடி பொரியை இறைப்பார். கோயில் திருக்குளத்தில் மீனுக்குப் பொரியிட்டுப் பழகிய கை அது. அன்பில் குறையில்லை. ஆனால் உண்ணப்படாத பொரி ஊறி, அழுகி, இருக்கும் பிராணவாயுவையும் குடித்து, அம்மோனியாவையும் கூட்டும். "அத்தை, இப்போது அதற்கு வேண்டியது காற்று; தீனி வெயில் ஏறியபின் போடலாம்" என்று சொல்லித் தடுக்க ஒரு மருமகள் இருந்தால் அந்த மீன்கள் பிழைக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்ப்பதே அளவு. ஒருநாள் விரதம் இருந்தாலும் மீனுக்குக் கேடில்லை.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வெயிலில் வைத்து ஊற்றலாம். வடித்த நீரைச் செடிகளுக்கு விடலாம்.

இவ்வாறு பேணிய தொட்டியில் வேறொரு சிக்கல் வரும். கப்பி மீன்கள் மாதந்தோறும் குஞ்சு ஈன்று பெருகும். மற்றவை உடல் பெருக்கும். இடம் போதாதபோது, புண்ணியமென்று கருதிக் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுவோர் இருக்கிறார்கள். அயல்நாட்டு அலங்கார மீன்கள் அங்கே உள்ள மீன்களின் இரையையும் முட்டையையும் தின்றுவிடும். நோயையும் கொண்டு சேர்க்கும். கண்ணாடித் தொட்டிப் பாசியைத் தின்பதற்கென்று விற்கப்படும் சக்கர் மீன், ஓர் அடிக்குமேல் வளர்ந்து கரையைத் துளைக்கும். மிகுந்த மீன்களை விற்ற கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது, தொட்டி கட்டிச் செடியும் நட்டு ஆறு வாரம் பொறுத்திருக்கும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.