எந்தப் பம்பர் சரியானது?

பழைய கார் ஒன்றை அதன் ஆதித் தோற்றத்துக்கு மீட்டெடுக்க முனைபவர்களுக்கு என்ஜின் பெரிய சிக்கலன்று. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்வார். வாதம் மூளுவது பெரும்பாலும் பம்பரில்தான். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜோடு சேர்ந்து நம் தெருக்களை நெடுங்காலம் ஆண்ட மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948இல் அறிமுகமான இக்கார், 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரானது.

அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கவிருந்த வேளையில், கார் ஒடுக்கமாக இருப்பதாகக் கருதினார். முன்மாதிரியை நெடுக்காக இரண்டாக வெட்டுவித்து, பாதிகளை விலக்கிவைத்துப் பார்த்து, அகலத்தை 4 அங்குலம் கூட்டினார். பம்பர்களோ பழைய அளவில் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டன. அவற்றை எறிய மனமில்லாத தொழிற்சாலை, நடுவே வெட்டி, இடையில் ஒரு துண்டைப் பொருத்தியது. ஆகவே ஆரம்பகால மைனருக்கு ஒட்டுப்போட்ட பம்பரே அசல். பிந்தியவற்றுக்கு ஒரே பட்டை.

கனடாவில் வாழும் நண்பர் ஒருவருக்காக இவற்றையெல்லாம் தேடிப் படிக்க நேர்ந்தது. கிளிநொச்சியில் அவரது தமக்கையின் வளவில் தகப்பனாரின் மைனர் நிற்கிறது. முகப்புக் கண்ணாடி நடுக்கம்பியின்றி ஒற்றையாக இருப்பதால் அது 1956இன் பின்னர் வந்த 'மைனர் 1000'. கதவுத் தூணிலிருந்து கைபோல் வெளியே நீளும் திருப்பச் சமிக்ஞை இருப்பதால் 1961க்குப் பிற்பட்டதன்று. இதுவரை சிக்கலில்லை. முன்பக்கத்தில் இருந்ததோ பம்பரே அன்று. இரண்டங்குல நீர்க்குழாய், இரு முனையும் வளைத்து, நான்கு கொக்கிகள் ஒட்டி, வெள்ளிப் பூச்சுப் பூசியது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் பிள்ளை அந்தக் குழாய். சில துளி பெற்றோலில் என்ஜினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் அது. அதே தசாப்தத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், மைனருக்கான புதிய உடற்தகடுகளை இலங்கையிலேயே செய்விக்கும் தொழில் முயற்சியில் கூட்டாளியாக இருந்தார். தெற்கில் செய்த தகடு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அதே தீவின் வன்னிக்குள் ஒரு பற்றரி வருவதற்குத் தடை.

1996 யூலையில் 'சத்ஜய' நடவடிக்கை தொடங்கியபோது, கிளிநொச்சியிலிருந்து மல்லாவிக்கு இடம்பெயர்ந்தது அக்குடும்பம். தாயாரின் தையல் மெசின் அந்தக் கொக்கிகளில் கட்டப்பட்டே போனது. பின்னாளில் அந்த மெசின்தான் வீட்டில் உலை ஏற்றியது. 2008இன் இறுதியில் மீண்டும் ஊரைவிட்டு ஓடியபோது கார் ஓடும் நிலையில் இல்லை. ஓடியிருந்தால் முள்ளிவாய்க்காலில் எரிந்து குவிந்த வாகனங்களோடு அதுவும் போயிருக்கும். மீளக்குடியேறி வந்தவர்கள், சரிந்த கொட்டிலின் கீழே அதைக் கண்டார்கள்.

நண்பர், 1960களில் எடுத்த குடும்பப் படம் ஒன்றை அனுப்பினார். குரோம் பளபளக்கும் பம்பர், அதன்மேல் இரண்டு குமிழ்கள். இங்கிலாந்திலிருந்து அதேபோல் ஒன்றைத் தருவித்தும் விட்டார். குழாயைப் பழைய இரும்புக்காரரிடம் போடும்படி சொன்னார். "அவனுக்கு அப்பாவின் கார் வேண்டும். எனக்கு அம்மாவின் கார் வேண்டும்" என்றார் தமக்கையார்.

இருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். சரியான பம்பர் எது என்பதற்கு நூல்களில் விடை உண்டு. ஆனால் எந்த ஆண்டுக் கார் வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். அதற்கு எந்த நூலிலும் விடையில்லை. தொழிற்சாலையே ஒட்டுப்போட்ட ஒன்றை அசல் என்று ஏற்கும் உலகம், ஒரு குடும்பத்தைக் கரைசேர்த்த குழாயைப் போலி என்று எப்படித் தள்ளும்? இதையே நண்பருக்கு எழுதினேன்.

அவர் இன்னும் முழுமனதோடு இணங்கவில்லை. பின்புறத்துக்குக் குரோம் பம்பர் பூட்டியாயிற்று. முன்புறத்துக்கு வந்தது பெட்டி பிரிக்கப்படாமல் தமக்கையின் வீட்டு விறாந்தையில் இருக்கிறது. கார் குழாயோடுதான் சந்தைக்குப் போய்வருகிறது.