34ஆம் இலக்கம்

எங்கட போர்டிங் அறையில நாலு பேர். நாலு பேருக்கும் நாலு ரீம். சம்பியன்ஸ் லீக் மட்ச் தொடங்க இரவு 12.30 ஆகும். வீட்டுக்கார அம்மா எழும்பிவிடக்கூடாது என்று ஃபோனின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கோல் விழுந்தாலும் தலையணையைக் கடித்துக்கொண்டுதான் கத்துவோம். மெட்ரிட், பார்சிலோனா என்று எவ்வளவு சண்டை பிடித்தாலும் நாலு பேரும் ஒத்துப்போகிற ஒரு கழகம் இருக்கிறது. நெதர்லாந்தின் அயாக்ஸ். கனகாலமாக ‘அஜாக்ஸ்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். டச்சுக்காரர் அப்படிச் சொல்வதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

எங்களுக்கு அயாக்ஸைப் பிடித்தது 2019இல், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. அந்த வருடம் மார்ச்சில் ரியல் மெட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 4–1 என்று அடித்தார்கள். ஏப்ரலில் ரொனால்டோ விளையாடிய யுவென்டஸை டூரினில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ரீமின் தலைவர் மதைஸ் டி லிக்டுக்கு அப்போது 19 வயது. எங்களைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெடியன் யூரோப்பையே ஆட்டி வைக்கிறான் என்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது. அரையிறுதியில் டொட்டன்ஹாமிடம் தோற்றதை இப்போதும் எங்களால் மறக்க முடியவில்லை. மேலதிக நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் லூக்காஸ் மோரா தன்னுடைய மூன்றாவது கோலைப் போட்டார். அயாக்ஸ் பெடியள் எல்லாரும் நின்ற இடத்திலேயே புல்லில் விழுந்து கிடந்தார்கள்.

அந்தக் கோடையிலேயே டி லிக்ட் யுவென்டஸுக்கும் ஃப்ரெங்கி டி யோங் பார்சிலோனாவுக்கும் போனார்கள். ஒவ்வொருவருக்கும் 75 மில்லியன் யூரோ. அண்மையில் இதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவன் கேட்டான்: “வளர்க்கிறாங்கள், விக்கிறாங்கள். திரும்ப வளர்க்கிறாங்கள், திரும்ப விக்கிறாங்கள். இது கழகமா மச்சான், நாற்றுமேடையா?”

எங்களில் ஒருவரிடமும் உடனே பதில் இருக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கழகத்தின் கதையைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

அயாக்ஸ் 1900 மார்ச் 18இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கப்பட்டது. பெயர் கிரேக்கக் கதைகளில் வரும் ட்ரோய் போர் வீரனுடையது. இன்று பெரிய பெயராக இருந்தாலும், 1964–65 பருவத்தில் அயாக்ஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுமோ என்ற நிலையில்தான் இருந்தது. 1965 ஜனவரியில் ரைனஸ் மிகல்ஸ் பயிற்றுநராக வந்தார். அதற்கு அடுத்த பருவத்தில் அதே கழகம் நாட்டின் சம்பியன். பிறகு 1971, 1972, 1973 என்று தொடர்ந்து மூன்று யூரோப்பியன் கிண்ணங்கள். ‘முழுமை உதைபந்தாட்டம்’ என்று இன்று சொல்லப்படுவது அங்கே வளர்ந்ததுதான். பின்வரிசைக்காரன் முன்னே ஓடினால் அவன் விட்டுப்போன இடத்தை இன்னொருவன் போய் நிரப்புவான். தன்னுடைய இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் உரிமை இல்லை.

அந்த ரீமின் உயிர் யொஹான் க்ரைஃப். அயாக்ஸின் பழைய டி மேர் மைதானத்துக்குப் பக்கத்தில் பெட்டொன்டோர்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். தகப்பன் மரக்கறிக்கடை வைத்திருந்தார். க்ரைஃபுக்கு 12 வயதாக இருக்கும்போது தகப்பன் இறந்துவிட, அம்மா அயாக்ஸ் கழகத்திலேயே துப்புரவு வேலைக்குப் போனார். பத்து வயதில் அந்தக் கழகத்தின் சிறுவர் அணியில் சேர்ந்த பெடியன், 17 வயதில் முதல் அணிக்கு வந்துவிட்டான். அம்மா கூட்டித் துடைத்த கழகத்துக்கு மகன் மூன்று யூரோப்பியன் கிண்ணங்களைக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆனால் 1973 கோடையில் அணித் தலைவரை வீரர்களே வாக்களித்துத் தெரிவுசெய்தபோது, க்ரைஃபை விட்டுவிட்டு பீற் கைசரைத் தெரிந்தார்கள். சில வாரங்களுக்குள் க்ரைஃப் பார்சிலோனாவில். 1981இல் திரும்பி வந்து அயாக்ஸுக்கு மீண்டும் சம்பியன் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். 1983இல் வயது போய்விட்டது என்று கழகம் புது ஒப்பந்தம் கொடுக்கவில்லை. மனுஷன் நேரே பரம எதிரியான ரொட்டர்டாமின் ஃபெயனூர்டுக்குப் போய், அடுத்த வருடமே அவர்களை லீக், கிண்ணம் இரண்டிலும் சம்பியனாக்கிக் காட்டினார். இன்றைக்கு அயாக்ஸின் மைதானத்துக்கே அவருடைய பெயர்தான். கழகம் பெற்ற பிள்ளையோடு கோபித்துக்கொள்வதும், பிறகு பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதும் எங்கட ஊர் வீடுகளில் நாங்கள் பார்க்காததா என்ன!

அடுத்தது 1995. லூயி வான் ஹாலின் ரீம் அந்தப் பருவத்தில் லீக்கிலும் சம்பியன்ஸ் லீக்கிலும் ஒரு மட்ச்கூடத் தோற்கவில்லை. வியன்னாவில் நடந்த இறுதிப் போட்டியில் மாற்று வீரராக உள்ளே வந்த பற்ரிக் க்ளைவர்ட் 85ஆவது நிமிடத்தில் ஏசி மிலானுக்கு எதிராகக் கோல் போட்டார். அவருக்கு 18 வயது. கழகத்தின் சிறுவர் பள்ளியில் படித்த பலர் அந்த அணியில் இருந்தார்கள். அதே வருட டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பொஸ்மன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த வீரன் பணம் எதுவும் கட்டாமல் வேறு கழகத்துக்குப் போகலாம் என்று ஆகியது. எட்கர் டேவிட்ஸ் 1996இல், க்ளைவர்ட் 1997இல், இரண்டு பேரும் மிலானுக்கே போனார்கள். அயாக்ஸுக்கு ஒரு சதமும் இல்லை.

தீர்ப்பை நாங்கள் பிழை சொல்லமாட்டோம். வேலை செய்கிறவனை ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டி வைத்திருப்பது நியாயம் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, சின்ன நாட்டின் கழகம் ஒன்றால் தன் பிள்ளைகளை வைத்திருப்பது கஷ்டமாகிவிட்டது. ஒப்பந்தம் முடியமுதல் விற்றால் காசு, இல்லையென்றால் அதுவும் இல்லை. 2019இல் நடந்ததும் அதுதான். அயாக்ஸின் சிறுவர் பயிற்சி இடத்துக்கு ‘டி டூக்கொம்ஸ்ட்’ என்று பெயர். ‘எதிர்காலம்’ என்று அர்த்தம். அந்த எதிர்காலத்தை யார் அனுபவிப்பார்கள் என்பது அங்கே தீர்மானமாவது இல்லை.

இதுவரைக்கும் எங்கட நண்பன் சொன்னது சரி போலத்தான் இருந்தது. நாற்றுமேடைதான். அதற்குப் பிறகுதான் அப்தெல்ஹக் நூரியைப் பற்றி வாசித்தோம்.

‘அப்பி’ என்று கூப்பிடுவார்கள். மொரோக்கோவில் இருந்து வந்த குடும்பம், ஆம்ஸ்டர்டாமில் பிறந்த பெடியன், சின்ன வயதிலிருந்தே அயாக்ஸ் பள்ளி. டி யோங்கோடு இளையோர் அணியில் ஒன்றாக விளையாடியவன். 2019 ரீமில் இவனும் இருந்திருக்க வேண்டும். 2017 ஜூலை 8ஆம் திகதி ஒஸ்திரியாவில் வெர்டர் பிரேமனோடு ஒரு நட்புறவுப் போட்டி. ஆடிக்கொண்டிருக்கும்போதே இதயத் துடிப்பு குழம்பி விழுந்தான். உயிர் தப்பியது, ஆனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. 20 வயது.

முதலில் மைதானத்தில் சிகிச்சை சரியாகத்தான் நடந்தது என்றது கழகம். குடும்பம் விடவில்லை. 2018 ஜூனில், கொடுத்த சிகிச்சை போதாது, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை முந்தியே பாவித்திருக்க வேண்டும் என்று அயாக்ஸ் பகிரங்கமாக ஒத்துக்கொண்டது. 2022இல் குடும்பத்துக்கு 7.85 மில்லியன் யூரோ இழப்பீடு என்று முடிவானது. நூரி போட்ட 34ஆம் இலக்கத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் அறிவித்தார்கள்.

க்ளைவர்டின் மகன் யஸ்டின், நூரியின் நண்பன். 2018இல் ரோமாவுக்குப் போனபோது 34ஐத்தான் கேட்டுப் போட்டுக்கொண்டான். டொட்டன்ஹாமிடம் தோற்று ஒரு வாரம் கழித்து, 2019 மே 15இல் அயாக்ஸ் லீக்கை வென்றது. அது கழகத்தின் 34ஆவது சம்பியன் பட்டம். அதை நூரிக்கே சமர்ப்பித்தார்கள்.

அன்று இரவு அறையில் கனநேரம் யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. நாற்றுமேடை என்று கேட்டவன்தான் முதலில் வாய் திறந்தான்: “விக்க ஏலாத பிள்ளையை என்ன செய்யிறாங்கள் எண்டதிலதான் கழகம் தெரியும், என்ன?”

அவன் சொன்னது பாதி சரி என்று நினைக்கிறோம். மற்றப் பாதி, அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டே நின்றது. அவர்கள் பேசாமல் இருந்திருந்தால் 2017இல் சொன்ன பதிலே கடைசிப் பதிலாக இருந்திருக்கும். நண்பர்கள் அந்த இலக்கத்தை முதுகில் சுமக்காமல் விட்டிருந்தால் எங்களைப்போல தூரத்தில் இருப்பவர்களுக்கு அவன் பெயரும் தெரிந்திருக்காது. ஒரு இடத்தை நம்பி சின்ன வயதில் பிள்ளையைக் கொடுக்கிறார்கள். அந்தக் கடனைக் கழகம் தானாக ஞாபகம் வைத்திருக்கும் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை. யாராவது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போதும் அயாக்ஸ் மட்ச் இருந்தால் நித்திரை முழிக்கிறோம். ரீம் பட்டியல் திரையில் வரும்போது இலக்கங்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவோம். 34 இருக்காது என்று தெரியும். தெரிந்தும் தேடுவோம்.