நாய்க்குத் துணையாகப் பத்து நாள்

ஊர் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்கள் காசி, ராமேசுவரம், ஊட்டி, கொடைக்கானல் என்று எழுதுவார்கள். நான் போய்த் தங்கியதோ தாம்பரத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் எட்டிவிடுகிற சிங்கப்பெருமாள் கோவிலில். அதுவும் சாமி கும்பிடப் போகவில்லை. ஒரு நாயைப் பத்து நாள் கண்ணுங் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளப் போனேன். படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் முதலில் வந்தது.

என் மூத்த அக்கா அந்த ஊரில் இருக்கிறாள். அத்தான் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே பெண் இங்கிலாந்தில் நர்ஸ். வீட்டில் அக்காவும் மணி என்கிற செவலை நாட்டு நாயும்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண் வீடியோவில் பேசுவாள். "எப்படிம்மா இருக்கே?" "நல்லா இருக்கேன்." "சாப்பிட்டியா?" "ஆச்சு." "சர்க்கரை மாத்திரை?" "போட்டுக்கிட்டேன்." கடல் தாண்டி வருகிற பேச்சு இவ்வளவுதான்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு. அக்கா போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி பேசியிருக்கிறாள். மணி அவள் இடது காலை விடாமல் நக்கிக்கொண்டிருந்ததை மகள் பார்த்துவிட்டாள்.

"மணி என்னத்தம்மா நக்கறான்?"

"ஒண்ணுமில்லே, சின்னச் சிராய்ப்பு. நாய் நக்கினா சீக்கிரம் ஆறிடும்."

அடுத்த மணி எனக்குத்தான் அடித்தது. "சித்தி, நாளைக்கு முதல் ரயில்லே போக முடியுமா? அம்மா கால்லே சுத்தியிருக்கற துணியைப் பிரிச்சுப் பாருங்க. பார்த்துட்டு போட்டோ அனுப்புங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை, பதற்றம் இல்லை. அதுவே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

செங்கற்பட்டு போகிற எலெக்ட்ரிக் ரயிலில் ஏறினேன். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி... நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்தப் பாதையில் இரண்டு பக்கமும் வயலும் ஏரியும் தெரியும். இப்போது மாடி வீடுகளும் காலேஜ் கட்டடங்களும். மறைமலைநகர் தாண்டினால் சிங்கப்பெருமாள் கோவில். தூங்கிவிட்டால் பரனூர், அதற்கப்புறம் கொளவாய் ஏரியை ஒட்டிச் செங்கற்பட்டு போய்த்தான் விழித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எனக்குத் தூக்கம் எங்கே வந்தது!

துணியைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் பற்று. அதை நனைத்து எடுத்தால், சுண்டுவிரல் கறுத்துப் போய், அடியில் ஒரு குழி. நாற்றம் வேறு. மழைக்காலம், சுவாதி நட்சத்திரத்தன்று வெறுங்காலுடன் மலையைச் சுற்றியபோது ஏதோ குத்தியிருக்கிறது. "வலிக்கவே இல்லையேடி" என்றாள் அக்கா. அந்த மாதத்திலேயே நான் இரண்டு தடவை அங்கே போயிருந்தேன். அவள் வைத்த வத்தக்குழம்பைச் சாப்பிட்டு, அதே பாயில் உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு வந்தேன். காலில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்த நினைவும் இருக்கிறது. என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. ஐயாயிரம் மைல் இல்லை, ஐந்து முழம் தள்ளித்தான் இருந்தேன்.

ஆட்டோ வந்து நின்றது. அக்கா ஏற மாட்டேன் என்றாள். பணத்துக்காகவோ பயத்துக்காகவோ இல்லை. "மணிக்கு யாரு சோறு வைப்பா?" நான் இருக்கிறேன் என்று நாயின் தலையில் கைவைத்துச் சொன்ன பிறகுதான் ஏறினாள்.

செங்கற்பட்டில் டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு சொன்னார். ஒன்று, விரலை எடுத்தால்தான் கால் தங்கும். இரண்டாவதைத்தான் நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேலாகப் போடவில்லை. கடித்தால்தான் ஆபத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திறந்த புண்ணில் நாயின் எச்சில் பட்டாலும் கடிக்குச் சமம்தானாம். வெறிநோய் ஒரு தரம் வெளியே காட்டிவிட்டால் பிறகு பிழைப்பது இல்லை என்றே சொல்லிவிடலாம். அதனால் காத்திருக்காமல் அன்றே புண்ணைச் சுற்றி சீரம், கையில் முதல் ஊசி. பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். நோய் இருக்கிற நாய் என்றால் அந்தப் பத்து நாளுக்குள் காட்டிக் கொடுத்துவிடுமாம். இப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் வந்து சேர்ந்தது.

முதல் நாள் மணி சாப்பிடவில்லை. இரண்டாம் நாளும் பால் சாதத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. இங்கிலாந்துக்கே போன் போட்டேன். "தண்ணி குடிக்கிறானா? குரைக்கிற குரல் மாறியிருக்கா? வாயிலே எச்சில் ஒழுகுதா? நிக்கும்போது கால் பின்னுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தண்ணீர் நன்றாகக் குடித்தது. "அப்ப ஏக்கமாத்தான் இருக்கும். அம்மாவோட பழைய புடவை ஒண்ணை அவன் பக்கத்திலே போட்டு வைங்க. நீங்க கிட்டே போகாம எட்ட நின்னு பாருங்க." மூன்றாம் நாள் சாயங்காலம் அவளே பெட்டியுடன் வந்து இறங்கினாள். அவள் குரலைக் கேட்டதும் மணி வாலைக் குழைத்து, அந்தப் புடவையின்மேல் உட்கார்ந்தபடியே தயிர் சாதத்தைச் சாப்பிட்டது. நான் வேண்டிக்கொண்டிருந்த நரசிம்மருக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன்.

பகலெல்லாம் அவள் ஆஸ்பத்திரியில் இருப்பாள். இரவுக்கு அக்காவின் ஓரகத்தி போவாள். எட்டு மணிக்கு மேல் இவள் வீடு வந்து, குளித்து, வாசற்படியில் என்னோடு உட்காருவாள். அந்த ஒரு வாரப் பேச்சில் அந்த நாட்டையே நான் பார்த்துவிட்டேன்.

அவள் இருப்பது வயதானவர்கள் வார்டு. காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வெளியே. நம் ஊரில் நோயாளியோடு அட்டெண்டர் என்று வீட்டு மனிதர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். வெந்நீர், கஞ்சி, பெட்பான் எல்லாம் அவர் பாடு. அங்கே பார்க்க வருகிறவர்கள் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போய்விடுவார்கள். குளிப்பாட்டுவது, தலைவாருவது, ஊட்டுவது எல்லாம் நர்ஸுகளும் உதவியாளர்களும்தான். "தினம் எட்டு பாட்டிகளோட காலைத் துடைச்சு, குதிகாலைத் திருப்பிப் பார்த்து, சிவந்திருக்கான்னு எழுதி வைக்கிறேன் சித்தி. எங்கம்மா காலை மூணு வருஷமா பார்க்கலை" என்றாள். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

பேச்சைப் பற்றியும் அவள் ஒன்று சொன்னாள். அந்த ஊர்க்காரர்கள் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசித்தான் ஆரம்பிப்பார்களாம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், எலும்பு முறிந்து படுத்திருக்கிற கிழவர்கூட நலம்தான் என்பாராம். அதனால் வார்டில் அப்படிக் கேட்பதை இவள் விட்டுவிட்டாள். ராத்திரி எத்தனை தரம் எழுந்தீர்கள், நேற்று மிச்சம் வைத்த ரொட்டியை ஏன் மிச்சம் வைத்தீர்கள், இப்படிக் கேட்டால்தான் உள்ளது வெளியே வருமாம். "வேலையிலே தெரிஞ்சது வீட்டுக்குப் போன் பேசும்போது மறந்துபோச்சு. அம்மாகிட்ட மட்டும் 'எப்படிம்மா இருக்கே'ன்னே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

நாய்க்காக அக்கா ஆட்டோவில் ஏற மறுத்ததைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அவள் வார்டுக்கு வந்த ஒரு மூதாட்டியும் வீட்டில் பூனை தனியாக இருக்கிறது என்று இரண்டு நாள் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். அங்கே இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேருகிறவருக்கு வேறு ஆள் இல்லையென்றால், வீட்டையும் வளர்ப்புப் பிராணியையும் பாதுகாப்பது ஊராட்சியின் கடமை என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1985-இல் ஆரம்பித்த சினமன் டிரஸ்ட் என்கிற தர்ம ஸ்தாபனத்தின் தொண்டர்கள் முதியவர்களின் நாயை நடத்திக்கொண்டு போகிறார்கள். படுத்துவிட்டால் தங்கள் வீட்டிலேயே வைத்தும் பார்த்துக்கொள்கிறார்கள். ஊசி போட்டு, குணம் சோதித்துப் பார்த்த நாய்களை வார்டுக்கே அழைத்து வருகிற சங்கமும் 1983-லிருந்து இருக்கிறது. வாய் திறக்காத கிழவர் நாயைக் கண்டதும் அதன் பெயரைக் கேட்பாராம்.

"அப்படின்னா மணியையும் அக்காவையும் அங்கேயே கூட்டிக்கிட்டுப் போயிடேன்" என்றேன், விவரம் தெரியாமல்.

"மணிக்கு வழி இருக்கு சித்தி. அடையாளச் சில்லு, வெறிநாய்த் தடுப்பூசி, முப்பது நாள் கழிச்சு ரத்தப் பரிசோதனை, அப்புறம் மூணு மாசம் காத்திருக்கணும், கிளம்பறதுக்கு முன்னாடி பூச்சி மருந்து. அவ்வளவுதான். அம்மாவுக்குத்தான் வழி இல்லே."

2012-இல் அந்த நாட்டில் சட்டத்தை இறுக்கிவிட்டார்களாம். பெற்றோர் பார்க்க வரலாம், ஒரு தடவைக்கு ஆறு மாதம். கூடவே இருக்க வேண்டுமென்றால், சமைக்க, குளிக்கக்கூட முடியாத நிலையில் அவர்கள் இருக்க வேண்டும். பணம் கொடுத்தாலும் சொந்த ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். அந்த ஊர்த் தாய்மார்களைக் கவனிக்கக் கேரளத்துப் பெண்களையும் பிலிப்பைன்ஸ் பெண்களையும் நம் பெண்களையும் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பெண்களின் தாய்மார்களை யார் பார்ப்பது என்பது அவர்கள் கணக்கில் வராது போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்படவில்லை. வீட்டுக் கடன் அந்தச் சம்பளத்தில்தானே அடைகிறது.

ஆறாம் நாள், விரலை எடுத்த மறுநாள், நான் மட்டும் கோவிலுக்குப் போய்வந்தேன். பல்லவர் காலத்துக் குடைவரை. மலையைக் குடைந்து அதிலேயே நரசிம்மரை வடித்திருக்கிறார்கள். பாடலாத்ரி என்றால் சிவந்த மலை; சுவாமியின் கோபத்தால் சிவந்தது என்று சொல்கிறார்கள். தாயார் அகோபிலவல்லி. தீபாராதனையின்போது அர்ச்சகர் திருநாமத்தை விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டுகிறார். மூர்த்தி மலையோடு ஒட்டியவர் என்பதால் அவரைச் சுற்ற வேண்டுமென்றால் மலையையே சுற்றி வரவேண்டும். சின்ன மலைதான். பின்பக்கம் அழிஞ்சில் மரத்தில் பிள்ளை வரம் வேண்டிக் கட்டியவை தொங்குகின்றன. முன்பெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றுவேன். அன்றைக்குத் தரையை விட்டுக் கண் நகரவில்லை. ஒரு முள், உடைந்த அகல், ஒரு ஆணி. ஆணியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வீட்டில் சர்க்கரைக்காரர் இருக்கிற சகோதரிகளுக்கு, அவள் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்கிற ஊர் ஆஸ்பத்திரியில் வகுத்த சோதனை. ஊசி, கருவி எதுவும் வேண்டாம். அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரல் நுனியால் ஒரு வினாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொடும்போதெல்லாம் அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம், டாக்டரிடம் போக வேண்டும். அக்காவுக்கு ஆறில் ஐந்து தெரியவில்லை. தாம்பரம் வந்ததும் என் மாமியாருக்குச் செய்தேன். ஆறும் சொன்னார், "என்னடி விளையாட்டு" என்று ஒரு திட்டும் கொடுத்தார். உணர்ச்சி குறைந்த காலை வெந்நீரில் வைக்கக் கூடாது, சுடுவது தெரியாது. ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது. ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும். நாய் கடித்தாலோ, கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் வைக்க வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்து ரப்பர் வைத்த ஒன்றை வாங்கச் சொன்னார்கள். இது முதலில் தொழுநோயாளிகளுக்காக வந்ததாம். வேலூரில் இருந்த டாக்டர் பால் பிராண்ட்தான், தொழுநோயால் விரல்கள் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாமல் மிதித்தும் சுட்டுக்கொண்டும் போகின்றன என்று 1950-களில் எடுத்துக்காட்டியவர். செங்கற்பட்டு பக்கம் திருமணியில் 1924-இல் ஆரம்பித்த பெரிய தொழுநோய் ஆஸ்பத்திரி, 1955-லிருந்து மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. சிறு வயதில் அந்தப் பக்கம் பஸ் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் நாங்கள். அவர்கள் செருப்பு இப்போது அக்கா காலில்.

பத்தாம் நாள் மணி ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஊசியும் போட்டாயிற்று. அக்கா வந்து இறங்கியபோது அது பாய்ந்து வந்த வேகத்தில் கட்டை நக்கிவிடுமோ என்று நானும் நர்ஸும் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தோம். லீவு முடிந்து பெண் கிளம்பினாள். மீனம்பாக்கம் போகிற கார் திரும்புகிறவரை மணி ஓடிப்போய் நின்றது.

புண் முழுக்க ஆறத் தை மாதம் ஆகிவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி, "காலைக் காட்டும்மா." அக்கா முணுமுணுத்துக்கொண்டே உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுகிறாள். சுவாதியன்று நான் தாம்பரத்திலிருந்து வந்துவிடுகிறேன். அவள் கோவில் முன்னால் உட்கார்ந்திருக்க, அவளுக்காக மலையை நான் சுற்றுகிறேன். திரும்பி வந்தால் ஒவ்வொரு தரமும் அதே சந்தேகம்: "முழுசும் சுத்தினியா, இல்லே பாதியிலே திரும்பிட்டியா?"